வெள்ளை அணுவுக்குள் குடியேறும் ஒட்டுண்ணி

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டு உண்ணிக் காய்ச்சல் என்றாலே ரத்தசோகையோடு பேச்சை நிறுத்திவிடுகிறோம். இந்தக் காய்ச்சலைத் தரும் கிருமிகளில் ஒன்றான தைலேரியா ஒட்டுண்ணி செய்வது அதைவிடப் பயங்கரம். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற இது, தன்னை அழிக்க வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியேறி, அதைப் புற்றுநோய் அணு போல ஓயாமல் பெருக வைக்கிறது; அணு இரண்டாகும்போது தானும் பிரிந்து புது அணுவிலும் உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளை அணுக்கள் கூடும் நிணநீர்க் கணுக்கள் வீங்குவது இதனால்தான். சரி, மாட்டின் உடல் சும்மா இருக்கிறதா? இல்லை, பிழைத்த மாடுகளில் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஒட்டுண்ணி புகுந்த இந்த அணுக்களைத் தேடிக் கொல்கின்றன. புபர்வாகுவோன் மருந்தில் ஒட்டுண்ணி செத்தால் அணுக்களின் வெறித்தனமான பெருக்கமும் நின்றுவிடுகிறது, இது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் மருந்து சீக்கிரம் போக வேண்டும். காய்ச்சலோடு காதடியிலோ தோள்பட்டைக்கு முன்னாலோ இப்படிக் கணு வீங்கிக் கட்டியாகத் தென்பட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்