கும்பா 24, குறைவில்லை

கானாடுகாத்தான் கல்யாணத்துக்கு வந்திருந்த உறவினர்கள், ஊரார், சமையற்கட்டில் நின்றவர்கள், பந்தல் கட்டியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீடு திரும்பி நான்கு நாள் ஆகிறது. புறங்கையில் ஊசி ஏற்றிய இடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது. தாலி கட்டும் திருப்பூட்டு முடிந்த கையோடு நான் பந்தலில் சரிந்ததையும், காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்குடிக்குப் போனதையும் நீங்களே பார்த்தீர்கள். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நீங்கள் பார்க்காத ஒன்று அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், இரண்டாம் கட்டுச் சாமான் அறையில் நடந்தது. அதை மறைத்துவிட்டு நன்றி சொன்னால் பாதி நன்றிதான் சொன்னதாகும்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. தெருவை அடைத்து நின்ற வண்டிகளை இரண்டே நிமிடத்தில் ஒதுக்கிக் கொடுத்த நாகசுரக் கோஷ்டியார், வழியெல்லாம் என் தலையை மடியில் தாங்கிவந்த அக்காள் மகள், ராத்திரி முழுவதும் மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் பெண்கள், மறுநாள் பந்தி முடிந்த அலுப்போடு கஞ்சித் தூக்கோடு வந்து நின்ற சமையல் மேஸ்திரி, எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன். சம்பந்தி வீட்டாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தாலி ஏறிய நேரத்தில் பெரியம்மாக்காரி மயங்கி விழுந்தாளே, சகுனம் சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் காதுக்கு வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

இனி உங்களுக்கு எழுதுகிறேன், தாயி. உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியனுப்பினீர்கள், போடவில்லை. என்னைவிட வயதில் முப்பது இளையவர் என்றாலும் ‘நீங்கள்’ என்றுதான் எழுதப்போகிறேன். அன்று காலையில் உங்களை எப்படி விளித்தேன் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

ஆறரை மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஏழு மணிக்குப் பலகாரம் ஆகிவிடும், இட்லியும் கோசமல்லியும் வெள்ளைப் பணியாரமும் காத்திருக்கின்றன என்ற நம்பிக்கை. கல்யாண வீட்டில் பலகார நேரத்தை நம்பி மாத்திரை போடக் கூடாது என்பதை 11 வருடம் சர்க்கரையோடு குடித்தனம் நடத்திய பிறகுதான் கற்றுக்கொண்டேன். என்னிடம் கொடுத்திருந்த வேலை பாத்திரக் கணக்கு. எந்தச் சாமான் அறையைவிட்டுப் போகிறது, எது திரும்புகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். வாத்திச்சியாக இருந்தவள், கணக்குத் தப்பாது என்று என் தங்கைக்கு ஒரு நினைப்பு. எட்டு மணி வரைக்கும் அண்டாவும் அடுக்கும் எனாமல் தூக்கும் எண்ணி, மாடிக்கும் கீழுக்கும் நாலு நடை நடந்து, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் வெள்ளிக் கும்பாவுக்கு வந்தேன். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்துச் சாமான். மொத்தம் 24. எண்ணினால் 23 வந்தது.

அப்போது நீங்கள் கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். ‘எங்கே வைத்தாய்?’ என்று கேட்டேன். பிறகு ‘முந்தானையை அவிழ்த்துக் காட்டு’ என்றேன். அதற்கு மேலும் ஒரு வாக்கியம் சொன்னேன், உங்கள் ஊரையும் உங்கள் ஆட்களையும் சேர்த்து. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. வாசலோரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் அழுதிருக்கலாம். தட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் முகத்தையே ஒரு நொடி உற்றுப் பார்த்தீர்கள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் பிடரியைத் தொட்டீர்கள். ‘ஆச்சி, இந்த அறையில் எங்களுக்கே குளிர்கிறது. உங்கள் ரவிக்கை மட்டும் ஏன் இப்படி நனைந்திருக்கிறது?’ என்றீர்கள்.

முந்தானையை அவிழ்த்தீர்கள், ஆனால் நான் கேட்டதற்காக அல்ல. முடிச்சில் இருபது ரூபாய்த் தாள் ஒன்றும், பஸ் டிக்கெட் ஒன்றும், மடித்து மடித்து ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் உறை ஒன்றும் இருந்தன. உறைக்குள் குளுக்கோஸ் மாவு. உங்களோடு காய் நறுக்க வரும் உங்கள் அம்மாவுக்காக எப்போதும் வைத்திருப்பீர்களாம். என் கண் முன்னால் வைத்திருந்த அதே கும்பாக்களில் ஒன்றை எடுத்து, மூன்று கரண்டி மாவைக் கரைத்தீர்கள்.

அதற்குள் உறவுக் கூட்டம் கூடிவிட்டது. ‘ஐயோ, சர்க்கரைக்காரிக்குக் குளுக்கோஸா, கொன்றுவிடாதே’ என்று ஒருவர். ‘மோர் கொடு’ என்று இன்னொருவர். நானும் குடிக்க மாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டேனாம், நினைவில்லை. ‘இவருக்குச் சர்க்கரை ஏறவில்லை, இறங்கிவிட்டது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, என் தாடையைப் பிடித்துக்கொண்டு ‘விழுங்குங்கள், ஆச்சி, விழுங்கிவிட்டீர்களா?’ என்று ஒவ்வொரு மடக்குக்கும் கேட்டது நினைவிருக்கிறது. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

தங்கை கணவரின் கருவியை யாரோ எடுத்து வந்து விரலில் குத்தியபோது, அதுவும் குளுக்கோஸ் உள்ளே போன பிறகு, 52 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்வு என்பார்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு தரம் குத்தினார்கள், 84. அந்தக் கால் மணி நேரமும் நீங்கள் என் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சொன்ன சொல் இன்னும் அந்த அறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் அதைக் கேட்காத மாதிரி, இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தி ‘நாலையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழ வேண்டும்’ என்றீர்கள்.

நான் எழுந்துவிட்டேன். மேளம் கெட்டியாகக் கேட்டது, பெண்ணை மனைக்கு அழைத்துப் போகிறார்கள், பட்டுச்சேலை மாற்ற வேண்டும். ஒன்றரை இட்லியோடு ஓடினேன். மீதி உங்களுக்கெல்லாம் தெரியும்.

டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். என் மாத்திரையில் மூன்று மருந்து கலந்திருக்கிறது. அதில் கிளிமெபிரைடு என்பது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும்; ஒரு நாள் பொழுதுக்கு அதன் வேகம் தணியாது. அதனால்தான் ஒரு தரம் தூக்கிவிட்டும் மறுபடி இறங்கியது, அதனால்தான் ராத்திரி முழுவதும் என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். வோக்லிபோஸ் என்ற இன்னொன்று, நாம் வீட்டில் போடும் சர்க்கரையைக் குடலில் சட்டென்று உடைய விடாது. சீனித் தண்ணீர் கொடுத்திருந்தால் வேலை செய்ய நேரமாகியிருக்கும். நேரடியாகக் குளுக்கோஸ் கொடுத்த புண்ணியவதி யார் என்று டாக்டரே கேட்டார். இரத்தக் கொதிப்புக்கு நான் போடும் மாத்திரை வேறு படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடுமாம். வேர்வையை மட்டும் மறைக்காதாம். அந்த வேர்வையைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், அதுவும் நான் உங்களைத் திருடி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது. இப்போது கிளிமெபிரைடை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

சர்க்கரை இறங்கினால் மூளைக்குத் தீனி போதாது. எரிச்சல் வரும், கோபம் வரும், பேச்சு தடுமாறும் என்றார் டாக்டர். வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘அது நீங்கள் பேசியதில்லை, சர்க்கரை பேசியது’ என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். கோபம் மாத்திரையால் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கும்பா குறைந்தவுடன் அறையில் இருந்த ஆறு பேரில் உங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு எந்த மாத்திரை சொல்லிக் கொடுத்தது? 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்தவள். ராத்திரியில் புரண்டு படுக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நிற்கிறேன்.

பிறகு என் தங்கை உங்களிடம் ‘அக்காள் என்ன சத்தம் போட்டாள்?’ என்று கேட்டிருக்கிறாள். ‘ஆச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது, நான்தான் சத்தமாகப் பேசினேன்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்று மாலை வரைக்கும் காய் நறுக்கியவர்களிடமும் அதையே சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். என் காது நன்றாகவே கேட்கிறது, தாயி. குளுக்கோஸுக்கு நன்றி சொல்லிவிடலாம். இந்தப் பொய்க்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் நான்கு நாளாகத் தெரியவில்லை.

கொடுத்தனுப்பிய சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அது சரிதான், சேலை கொடுத்துத் தீர்க்கிற விஷயமா இது? அதனால்தான் இந்த மடல். அன்று அந்த அறையில் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்களும், அவர்களிடமிருந்து கேட்டவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: எதுவும் காணாமல் போகவில்லை, யாரும் எதையும் எடுக்கவில்லை.

நேற்று நோட்டை வரவழைத்துப் பார்த்தேன். அண்டாக் கணக்கெல்லாம் கோடு போட்ட மாதிரி முத்து முத்தான எழுத்து. அடுக்குக்கு வரும்போது வரி சாய்கிறது. எனாமல் தூக்கில் ‘க்’கின் புள்ளி வேறு எங்கோ நிற்கிறது. கும்பாப் பக்கத்தில் 17 என்ற எண்ணை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. கீழே சிவப்பு மையில் ‘கும்பா 24. குறைவில்லை. எண்ணியவள் பிழை’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தங்கையிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். அடுத்த கல்யாணத்துக்கு அந்த அறையைத் திறப்பவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். காலைப் பலகாரம் அங்கேதான். இட்லி தட்டில் விழுந்த பிறகுதான் மாத்திரையை எடுப்பேன். உங்கள் அம்மாவையும் அப்படியே போடச் சொல்லுங்கள்.