குளக்கட்டில் ஒரு வகுப்பறை

ஆசிரியருக்கு,

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயற்பக்கம் எங்கள் வீடு. இணைய இணைப்புக் கேட்டால், "உங்கட பக்கம் லைன் இல்லை" என்கிறார்கள். ஃபோன் டேட்டாதான் கதி. அதற்கும் வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். வாட்ஸ்அப்பில் வரும் பாடக்குறிப்பை இறக்க, பொழுதுபட்ட பிறகு குளக்கட்டில் ஏறவேண்டும். யானை வரும் வழி. டோர்ச்சும் யானைவெடியுமாக நான் பின்னால் நிற்பேன். ஃபோனை உயர்த்திப் பிடித்தபடி, "எழுபது வீதம் வந்திட்டு அப்பா" என்பாள். பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். (யானை இதைவிட விரைவாக வரும்.)

2014இல் மட்டக்களப்பு வாவியின் மேல் மண்முனைப் பாலம் திறந்தபோது, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ளதெல்லாம் இனி மேற்கே எங்கள் படுவான்கரைக்கும் வரும் என்றுதான் நினைத்தோம். கேபிள் வரும்வரை, பாடசாலை வைஃபையையாவது இரவு எட்டு மணிவரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

விவசாயி ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.