கம்பூசியாவைக் குளத்தில் விட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், ஊர்க்குளத்தில் வாளி வாளியாகக் கம்பூசியா மீன் விடும் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். டெங்கு தடுப்பு என்று கீழே எழுதியிருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தில் பெருகுவதில்லை. வீட்டுத் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, வீசியெறிந்த டயர் ஆகியவைதான் அதன் இடம்.

கம்பூசியா 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க மீன். கொசுப்புழுவோடு நிற்காமல் தலைப்பிரட்டை, நாட்டு மீன்களின் முட்டை, குஞ்சு என எதையும் தின்னும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. குளத்தில் விட்டபின் திரும்பப் பிடிப்பது நடக்காத காரியம். குளத்துக் கொசுப்புழுவுக்கு அங்குள்ள நாட்டு மீன்களே போதும். கரைப்புல்லும் ஆகாயத்தாமரையும் அடர்ந்து மீன் நுழைய முடியாத இடத்தில்தான் புழு தப்பிக்கிறது. அவற்றை அகற்றச் செலவிடலாம்.

மீன் உதவுவது மூட முடியாத சிமென்ட் தொட்டியிலும் புழங்காத கிணற்றிலும். அங்கே கப்பி (guppy) என்னும் சிறு மீனை விடலாம். தொட்டிக்குச் சதுர மீட்டருக்கு ஐந்தாறு வளர்ந்த மீன் போதும். பையிலிருந்து நேரே கொட்டினால் வெப்ப மாற்றத்தில் செத்துப்போகும். பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். குளோரின் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்த பிறகே மீன் விடலாம். சோறும் பொரியும் போட்டு வளர்த்தால் அது புழுவைத் தேடாது.

குப்பை மிதக்கும் சாக்கடையில் மீனை நம்பிப் பயனில்லை. அங்கே கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. (Bti) என்ற பாக்டீரியா மருந்து வேண்டும். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது இது. புழு தின்றதும் அதன் காரத்தன்மையுள்ள குடலில் நச்சுப்புரதம் கரைந்து குடற்சுவரைத் துளைக்கும். ஒரு நாளில் புழு சாகும். மீனுக்கும் மனிதருக்கும் கேடில்லை. ஆனால் கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் சாகாது. மறுநாள் அது துள்ளுவதைப் பார்த்துவிட்டு மருந்து போலி என்பார்கள்! தெளிந்த நீருக்கு 200 லிட்டரில் 5 கிலோ தூள் கரைத்து, சதுர மீட்டருக்கு 20 மி.லி. தெளிப்பது வழக்கம். சாக்கடையில் இந்த அளவு போதாது. மருந்து அழுக்கோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். வெயிலிலும் வீரியம் குறையும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. தெளிக்கும்போது கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறையாவது தெளிக்காவிட்டால் செலவு வீண்.

கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகாமல் தடுக்கும் ஓல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட்ட இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. புதுச்சேரி நோய்க்கடத்திகள் ஆய்வு மையமும் அத்தகைய கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. அவை நம் தெருவுக்கு வரும் நாளில் புகை அடிப்பதை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் விட்ட கொசுவை நாமே கொல்வோம்.

ஏடிஸ் முட்டை தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மீனோ பி.டி.ஐ.யோ அதைத் தொடாது. வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்து, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சியியல் களப்பணியாளர்கள்,
கடலூர் மாவட்டம்