கன அடியோடு முழங்காலையும் சொல்லுங்கள்

தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை எழுதி அனுப்பும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

எனக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். வேலை தோஹாவில். 2024 டிசம்பர் 2 அதிகாலை ஆறு எங்கள் ஊருக்குள் புகுந்தபோது, கேம்ப் அறைக் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா பேசினார்: "புயல் போயிடுச்சுடா, காத்துகூட இல்ல. நீ சாப்ட்டுட்டுத் தூங்கு." எங்கள் ஊர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்; அது சரிதான். ஆனால் மழை மேற்கே போய் ஊத்தங்கரையில் இன்னொரு 50 செ.மீ. பெய்துகொண்டிருந்தது. அங்கே பெய்வது சாத்தனூர் அணைக்கு வரும், அணை நிரம்பினால் எங்களுக்கு வரும். அம்மாவுக்கு அன்றிரவு ஊத்தங்கரை ஞாபகத்தில் இல்லை. எனக்கும் இல்லை.

நள்ளிரவு தாண்டி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு எச்சரிக்கை வந்தது. உபரி நீர் வினாடிக்கு இத்தனை கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். விடிவதற்குள் அந்த எண் 1,60,000-ஐத் தாண்டியது. அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அது நம்ம தெருவுக்கு எவ்ளோடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் நொடிக்கு 45 லட்சம் லிட்டர். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். அதைப் போல 150 தொட்டிகள், ஒவ்வொரு நொடியும். இதை அன்று சொல்லியிருந்தால் அம்மா பயந்திருப்பார். ஆனால் எந்தத் திண்ணை வரை வரும் என்பது அப்போதும் தெரிந்திருக்காது. "கரையோரம்" என்ற சொல்லும் அவரை எழுப்பவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் கரும்புக்காடு. அவர் கணக்கில் நாங்கள் கரையோரம் இல்லை. பாதுகாப்பான இடம் எது என்பதையும் யாரும் சொல்லவில்லை.

அவரைக் காப்பாற்றியது பக்கத்துக் கட்டிலில் இருந்த திருக்கோவிலூர்க்கார அண்ணன். அவருடைய மனைவி ஊரிலிருந்து கூப்பிட்டு, "தண்ணி சிமெண்ட் ரோட்டுக்கு வந்துடுச்சு, முழங்காலு மேல" என்றார். அண்ணன் போனை வைக்காமலே என் பக்கம் திரும்பினார்: "தம்பி, எங்களுக்கு வந்தா அடுத்து உங்களுக்குத்தான். அம்மாவ எழுப்பு."

"முழங்கால்" என்றதும் அம்மா எழுந்துவிட்டார். கேள்வியே கேட்கவில்லை. எதிர் வீட்டுப் பெரியம்மாவையும் அவர் பேரப்பிள்ளைகளையும் எழுப்பி, பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூட மாடிக்குப் போனார்கள். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஊரின் செய்தி தோஹா வரை வந்து, திரும்பி எங்கள் தெருவுக்குப் போனது. அதுதான் அன்றைக்கு வேலை செய்த எச்சரிக்கை.

அதன் பிறகு போன் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை வீடியோக்களைத்தான் பார்த்தேன். அரசூரில் நெடுஞ்சாலை மேலே மலட்டாறு ஓடியது. விக்கிரவாண்டிப் பக்கம் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு, வண்டிகள் நின்றுபோயின. ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி, பெரிதாக்கி, எங்கள் ஓட்டுக் கூரை தெரிகிறதா என்று தேடினேன். கான்கிரீட் மாடி எல்லாம் பள்ளிக்கூடமாகத் தெரிந்தது.

பசு திரும்பி வரவில்லை. அம்மா நலம்.

இரவெல்லாம் கண்விழித்து மதகுப் பக்கம் நிற்பவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். அணை நிரம்பினால் திறக்காமல் இருக்க முடியாது என்பதும் தெரியும். நான் கேட்பது எச்சரிக்கையில் இன்னும் இரண்டு வரிதான்: இந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும், வந்தால் எது வரை நிற்கும். கன அடியும் இருக்கட்டும், அது உங்களுக்கு வேண்டும். எங்களுக்கு "மாரியம்மன் கோயில் படி", "ரேஷன் கடை வாசல்" என்று சொல்லுங்கள். போக வேண்டிய கட்டடத்தின் பெயரைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் இல்லாத கிழவிகளுக்காக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, இருட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

அளவு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சுவரில் இருக்கிறது. விடுமுறையில் போனபோது டேப் வைத்து அளந்தேன். எங்கள் கூடத்தில் 4 அடி 2 அங்குலம். அம்மா பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதும் அந்தக் கறைக்கு மேலேயே நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். அடுத்த ஐப்பசிக்குள் ஓர் ஆளை அனுப்புங்கள். எந்தச் சுவர், எவ்வளவு உயரம் என்று அம்மாவே கூட வந்து காட்டுவார்.