தறிக்குடோனுக்குச் சாயங்காலம் ஒரு பி.பி. மிஷின் வேண்டும்: ஆட்சியருக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: மகளிர் குழுவினர், பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு விசைத்தறி ஊர்
பொருள்: கிராம சுகாதாரக் குழுவின் நிதியைச் செயல்பட வைப்பது, தறித் தொழிலாளர் உடல்நலப் பணிக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஒதுக்குவது

வணக்கமுங்க ஐயா.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தால் ரசீது கிடைக்கிறது, அதற்குக் குறையில்லை. உள்ளே எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள் என்பதுதான் தெரிவதில்லை, அதனால் இந்த முறை மற்ற ஊர்க்காரர்களும் படிக்கிற மாதிரி கொஞ்சம் விரிவாகவே எழுதிவிட்டோம்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றுகிறவர்கள், பாவு (தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்) பிணைக்கிறவர்கள், இரண்டு பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். மூன்று வருசமாகச் சாயங்காலத்தில் தெருத் தெருவாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து நோட்டில் எழுதி வருகிறோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை, ஒரே தெருவில் இரண்டு பேர் பக்கவாதத்தில் விழுந்தபோது பயந்துபோய் ஆரம்பித்தது. மிஷின் எங்கள் சேமிப்புக் காசில் வாங்கியது. கையில் சுற்றுகிற பட்டை ஒட்டுவது நின்று போய், காடாத் துணியின் கரையைக் கிழித்து அதன்மேல் கட்டித்தான் இப்போது அழுத்தம் பார்க்கிறோம். டாக்டர் யாராவது கண்டால் திட்டுவார்கள், எங்களுக்கும் தெரியும். சர்க்கரை பார்க்கிற மிஷின் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் தீர்ந்த அன்றைக்கு அது வெறும் பொம்மை.

வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிற அரசின் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, 2024-ல் ஐ.நா. விருது வரைக்கும் வாங்கியது. எங்கள் ஊருக்கும் அந்தத் தன்னார்வலர் அக்கா வருகிறார். அவர் வருவது காலை பத்து, பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் பகல் ஷிப்ட்காரர் தறி ஓடுகிற குடோனில் இருப்பார், ராத்திரி ஷிப்ட்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். தட்டினால் எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார், அவரையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் மாத்திரை வீட்டில் இருக்கிற வயசானவர்களுக்குச் சேர்கிறது, நாற்பது வயதில் தறி ஓட்டுகிறவர் கணக்கிலேயே வருவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடோனை ஒட்டிய அறையிலேயே தங்கியிருக்கிற பையன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை குடோனுக்குள் போனால் சிலருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், மூச்சு முட்டும், ஒன்றிரண்டு நாளில் தானாகக் குறைந்துவிடும். "வெயில்", "ஞாயித்துக்கிழமை பிரியாணி" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸ் என்கிற நுரையீரல் நோயின் முதல் அறிகுறியே இந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான். நூற்பாலையில் அதிகம், தறியில் அதைவிடக் குறைவு. ஆனால் மில்லில் பத்து வருசம் இருந்துவிட்டுத் தறிக்கு வந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஆரம்பத்திலேயே தெரிந்து தூசியைவிட்டு விலகினால் சரியாகும், வருசக் கணக்காக விட்டால் நுரையீரல் திரும்பாது. மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று வாயால் ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டர் ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிறது. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, முடிந்து வந்ததும் ஒரு தடவை ஊதச் சொல்லி எழுதி வைத்தால், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றாவது தெரியும்.

தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. இவர்களுக்குக் கிடையாது. பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது கட்டாயம். எட்டுத் தறி இருக்கிற கூலி நெசவுக் குடோனில் ஓட்டுவதே இரண்டு மூன்று பேர், அதில் ஒருவர் முதலாளியே.

சரி, வெளியில் கேட்டுப் பார்க்கலாம் என்று போனோம். வெளிநாட்டு நிதி வாங்க மூன்று வருசம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருசத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டுமாம். அவ்வளவு செலவழிக்க முடிந்தால் நாங்கள் எதற்கு அவர்களிடம் போய் நிற்கிறோம்? முன்பெல்லாம் பெரிய தொண்டு நிறுவனம் தான் வாங்கியதில் ஒரு பகுதியைச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது, 2020-ல் சட்டத்தைத் திருத்தி அதையும் நிறுத்திவிட்டார்கள். தப்பாகப் போகிற பணத்தைத் தடுக்க என்றார்கள், இருக்கலாம், ஆனால் எங்களை மாதிரிக் குழுக்களுக்கு அந்தக் கதவு மூடியேவிட்டது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குத் தரவேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறதே என்று ஒரு கம்பெனிக்குப் போனோம். மரியாதையாக உட்கார வைத்து, டீ கொடுத்து, பதிவுச் சான்று, தணிக்கைக் கணக்கு என்று ஒரு பட்டியல் கொடுத்து அனுப்பினார்கள். மகளிர் குழுவிடம் ஏதுங்க அதெல்லாம்? எங்களிடம் இருப்பது பாஸ்புக்கும் தீர்மான நோட்டும்தான்.

அப்புறம்தான் கிராமத்துக்கென்றே அரசுப் பணம் இருப்பது தெரிந்தது. தேசிய சுகாதார இயக்கத்தில் கிராம சுகாதார, துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று உண்டு, அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிபந்தனையற்ற நிதியும் உண்டு, ஊர் கூடிப் பேசி ஊருக்குத் தேவையானதற்குச் செலவழிக்கலாம். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கணக்கு. கிராம சபையில் எழுந்து கேட்டோம். "பிளீச்சிங் பவுடருக்குப் போச்சு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தச் சுகாதாரக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு அந்த ஒரு வரி கூட வரவில்லை. 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போன பிறகு யாரிடம் கேட்பது என்பதே குழப்பமாகிவிட்டது.

15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. அதில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நகர்ப்புற நல மையங்களுக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டடத்துக்குக் கோடிக் கணக்கில் போகிற நாட்டில் ஒரு டப்பா ஸ்ட்ரிப்புக்கு நாங்கள் சீட்டுக் கட்டிக் காசு சேர்க்கிறோம் என்பது ஆட்சியருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர்ச் சுகாதாரக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் கடந்த மூன்று வருட வரவு செலவையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்கவும் சொல்லுங்கள். தார் சுற்றுகிற பெண்களில் இரண்டு பேரையாவது அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். 60,000 ரூபாயை உங்கள் விருப்புரிமை நிதியிலிருந்தோ, ஏதாவது கம்பெனியிடம் பேசி வாங்கியோ, அந்தச் சுகாதாரக் குழுவின் கணக்கிலேயே போடுங்கள், எங்கள் கையில் கொடுக்க வேண்டாம். இரண்டு பி.பி. மிஷின், வருசத்துக்கு ஸ்ட்ரிப், நான்கு பீக் ஃப்ளோ மீட்டர், மேல்சிகிச்சைக்குப் போகிறவருக்கு பஸ் செலவு, வெளிமாநிலப் பையன்களிடம் பேச இந்தி தெரிந்த ஒருவருக்குச் சின்னப் படி, இதற்குத்தான். ஊர்க்காரர்களும் ஒரு பங்கு போடுகிற நமக்கு நாமே திட்டம் மாதிரி மூன்றில் ஒரு பங்கை நாங்கள் போட வேண்டும் என்றால் சம்மதம்தான், தறி முதலாளிகள் சிலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே, தன்னார்வலர் அக்கா மாதத்தில் இரண்டு நாள் மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடோன் பக்கம் வரும்படி உத்தரவு வேண்டும். அந்த நேரத்துக்கு அவருக்குத் தனியாகப் படி கொடுத்துவிடுங்கள், சும்மா வேலை வாங்க வேண்டாம்.

எங்கள் நோட்டு மூன்றையும் கொண்டு வருகிறோம். விசாரணைக்குக் கூப்பிட்டால் மதியம் இரண்டரைக்கு மேல் வரச் சொல்லுங்கள் ஐயா, காலையில் கூப்பிட்டால் பாதிப் பேருக்கு அன்றைய கூலி போய்விடும்.

இப்படிக்கு,
மகளிர் குழுவினர் பன்னிரண்டு பேர்
(ஒன்பது கையெழுத்து, மூன்று கைநாட்டு)