குர்ரே சுமங்கா: தோராஜா மக்களுக்கு ஒரு நன்றி மடல்

இந்தோனேசியாவின் தென் சுலவேசி மலைநாட்டில், உங்கள் தோராஜா ஊர்களில் எங்களுக்கு வழிகாட்டிய அத்தனை பேருக்கும் வணக்கம். உங்கள் மொழியில் நன்றிக்குச் சொல் குர்ரே சுமங்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். மடலைத் தமிழில் எழுதுவது, அடுத்து உங்கள் ஊருக்கு வரும் தமிழர்களும் படிக்கட்டும் என்றுதான்.

முதல் நன்றி ரந்தேபாவோ வழிகாட்டி அண்ணனுக்கு. மாகாணத் தலைநகர் மகாசாரிலிருந்து உங்கள் ஊர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ரம்பு சோலோ என்னும் இறுதிச் சடங்குகள் அறுவடை முடிந்த ஜூலை, ஆகஸ்டில்தான் மிகுதி. அதற்குப் போவதென்றால் கறுப்பு அல்லது அடர்நிற உடை, கையில் ஒரு பண்டல் சிகரெட் என்றீர்கள். சிகரெட் வாங்க உறுத்தினால் சர்க்கரையோ காப்பித்தூளோ போதும் என்றும் சொன்னீர்கள். முற்றத்தைச் சுற்றி மூங்கில் பந்தல்களில் எண் எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு. காலியாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்தால் அது பிறர் வீட்டில் நுழைந்த மாதிரி. சடங்கில் பலியிடும் எருமையை ஒரே வெட்டில் சாய்ப்பார்கள். பார்க்க முடியாதவர்கள் முன்வரிசையில் நிற்க வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்ததற்குத் தனி நன்றி.

அடுத்த நன்றி கேத்தே கேசு கிராமத்து வீட்டாருக்கு. தோங்கோனான் என்னும் மரபு வீடுகள் வடக்குப் பார்த்து ஒரு வரிசை, எதிரே அலாங் என்னும் நெற்களஞ்சியங்கள் ஒரு வரிசை. முகப்புக் கம்பத்தில் அடுக்கிய எருமைக் கொம்புகளைப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனை பெரிய சாவுச் சடங்கு நடந்தது என்று ஊர் கணக்குப் போடும். வீட்டுச் சுவரின் செதுக்கு வேலையில் நான்கே நிறம்: கரியில் கறுப்பு, சுண்ணாம்பில் வெள்ளை, மண்ணில் சிவப்பும் மஞ்சளும். களஞ்சியத்தின் உருண்டைத் தூண்களைத் தடவிப் பார்க்கச் சொன்னீர்களே, அதை மறக்க முடியாது. பனை இனத்து மரம், வழவழவென்று இழைத்தது. எலி ஏறினால் நகம் பிடிக்காமல் வழுக்கி விழும். விருந்தாளியை உட்கார வைப்பதும் அந்தத் தூண்களுக்கு நடுவே உள்ள மேடையில்தான்.

இறந்தவரைச் சடங்கு நாள்வரை வீட்டிலேயே வைத்திருப்பீர்கள். அதுவரை அவர் தோ மகுலா, அதாவது நோயாளி. அந்த அறைக்கு அருகே பேசும்போது "பிணம்" என்ற சொல் வரக் கூடாது என்று மெதுவாகத் திருத்தினீர்கள்.

இறந்தவர்களை வைக்கும் லோண்டா குகைகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கி வந்த தம்பிக்கு. விளக்கு வாடகை நுழைவுச் சீட்டில் சேராது. உள்ளே போகுமுன்பே பேசிக்கொள்வது நல்லது. இரண்டு குகைகளை இணைக்கும் வழியில் தவழ்ந்துதான் போக வேண்டும். உடம்பு பருத்தவர்களும் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் முதல் குகையோடு திரும்பிவிடலாம். பாறை இடுக்கில் மண்டையோடு, அதன் முன்னே நாணயங்களும் பாதி எரிந்த சிகரெட்டும். அவை படையல். தவறிக் காலில் தட்டுப்பட்டாலும் நாமே எடுத்து அடுக்கக் கூடாது, உங்களிடம் சொல்ல வேண்டும். எரோங் எனப்படும் பழைய மரச் சவப்பெட்டிகள் பாறையில் அடித்த உத்திரங்களில் நிற்கின்றன. உத்திரம் உளுத்தால் பெட்டி சரியும், எலும்பு சிதறும். நேர் கீழே நின்று படம் பிடிக்கப் போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

லேமோவில் செதுக்குக் கலைஞருக்கு. செங்குத்துப் பாறையில் குடைந்த கல்லறைகள், முன்னே மாடத்தில் வரிசையாகக் கைநீட்டி நிற்கும் தாவ் தாவ் பொம்மைகள், அதாவது இறந்தவர்களின் உருவங்கள். அவற்றுக்குப் பலாமரம்; நாம் வீணைக்குத் தேடும் அதே மரம். 1980களில் பழைய பொம்மைகள் பல திருடுபோயின, அதனால் இன்று மாடத்தில் இருப்பவற்றில் நகல்களும் உண்டு என்பதை நீங்களே ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. கடைகளில் "பழைய தாவ் தாவ்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், தமிழ் நண்பர்களே.

கம்பீராவில் எங்களோடு பேசாமல் நின்ற பாட்டிக்கு. பல் முளைக்கும் முன்பே இறந்த குழந்தைகளைப் பால் வடியும் மரத்தில் துளையிட்டு வைத்து, பனைநாரால் மூடிய இடம். வழக்கம் நின்று வெகுகாலமாயிற்று. மரத்தில் அந்த நார்ச் சதுரங்கள் இன்னும் தெரிகின்றன. அங்கே யாரும் எதையும் விளக்கவில்லை, அதற்கும் நன்றி.

போரி ஊரில் இறந்தவர் நினைவாக நட்ட 102 நெடுங்கற்களுக்கு நடுவே மழையில் குடை பிடித்தவர்களுக்கும், மலைப்பாதையில் எங்களைப் பத்திரமாக இறக்கிய ஓட்டுநருக்கும் குர்ரே சுமங்கா. கேட்டுக்கொண்ட வீட்டுப் படங்களை அச்சிட்டு அனுப்புகிறோம். தோ மகுலா அறையில் எடுத்தவை குடும்பத்தாருக்கு மட்டும்.