நெகேமியா படிக்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி

விசுவமடு, தருமபுரம், உடையார்கட்டுப் பக்கத்துச் சபை மக்களுக்கும், வேதாகமத்திலுள்ள நெகேமியா புத்தகத்தைப் படித்து முடிக்க எங்களுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் கர்த்தருக்குள் அன்பான வணக்கம்.

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்த கையோடு தொடங்கிய வேதபாட வகுப்பு போன கிழமை நிறைவடைந்தது. "எங்கட பெயரைப் போட்டு எழுதிப்போடாதேங்கோ" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் நீங்கள் செய்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் பலரை வெறுமனே வாழ்த்திவிட்டுப் போகவில்லையே. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் என் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள், மரியாள் மிகவும் பிரயாசப்பட்டவள், ரூபின் தாய் எனக்கும் தாய் என்று காரணம் சொல்லித்தான் வாழ்த்துகிறார். பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தை உட்கார்ந்து எழுதின தெர்தியுவுக்கும் அதில் ஒரு வரி உண்டு. பாடக் குறிப்புகளை ஒவ்வொரு கிழமையும் காசு வாங்காமல் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்த கடைத் தம்பி, அந்த வரியைப் படிக்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

போதகர் ஐயாவுக்கு நாங்கள் பெரிய கடமைப்பட்டிருக்கிறோம். நெகேமியா என்றால் எருசலேமின் மதிலை 52 நாளில் கட்டி முடித்த கதை என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். ஐயாவோ 3ஆம் அதிகாரத்தை எங்களைத் தாண்ட விடவில்லை. வாயில் நுழையாத பெயர்கள் நிறைந்த அதிகாரம். யாருக்குப் பக்கத்தில் யார் நின்று எந்த வாசலைக் கட்டினார் என்பதே அதில் முழுக்க. தட்டார் கட்டுகிறார்கள், தைலக்காரர் கட்டுகிறார்கள், ஆசாரியர்கள் அவரவர் வீட்டுக்கு எதிரே கட்டுகிறார்கள். குப்பைமேட்டு வாசலை ஒரு பிரபு பொறுப்பெடுக்கிறார். சல்லூம் தன் குமாரத்திகளோடு நிற்கிறார். அந்த வசனத்தில் ஒரு அம்மா விரலை வைத்து நிறுத்தினார். யுத்தத்தில் இடம்பெயர்ந்திருந்து 2010இல் திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு, பற்றை வெட்டி, தூர்ந்துபோன கிணற்றை இறைத்து வளவைத் திருத்தியது தானும் தன் இரண்டு மகள்மாரும்தான் என்றார். அதற்குப் பிறகு அந்த அதிகாரம் எங்களுக்கு வெறும் பெயர்ப்பட்டியலாகத் தெரியவில்லை.

தெக்கோவா ஊராரையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று 5ஆம் வசனம் சொல்கிறது. சனங்கள் அதற்காக வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. தங்கள் பங்கைக் கட்டினார்கள். 27ஆம் வசனத்தில் பார்த்தால், இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! பெரியவர்கள் வந்து தொடக்கி வைக்கட்டும் என்று பல காரியங்களைத் தள்ளிப்போடும் எங்கள் சபைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

ஆனால் எங்களை உலுக்கியது 5ஆம் அதிகாரம். மதில் பாதி உயரம் வந்திருக்கிறது. அப்போது சனங்கள் கூக்குரல் இடுகிறார்கள். வெளியே இருக்கும் எதிரிக்கு எதிராக அல்ல, தங்கள் சொந்தச் சகோதரருக்கு எதிராக. நிலத்தையும் வீட்டையும் ஈடு வைத்துத் தானியம் வாங்கினோம், ராசாவுக்கு வரி கட்டக் கடன்பட்டோம், எங்கள் பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள் என்கிறார்கள். இதை வாசித்துக்கொண்டிருந்த அக்கா, வாசிப்பை நிறுத்திவிட்டுக் கைப்பையிலிருந்து தன் லோன் கொப்பியை எடுத்துப் பாயில் வைத்தார். "இது எங்கட கதை எல்லோ" என்றார். கச்சான் போட எடுத்த, கிழமைக்குக் கிழமை கட்டும் குழு லோன். மழை பிந்திப் பெய்து கச்சான் அழுகிப்போக, அதைக் கட்ட இன்னொரு லோன். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால், பக்கத்து வளவுக்காரியோடும் கதை பேச்சில்லை. கோயிலில் ஒரே வாங்கில் இருந்து சமாதானம் சொல்லிக்கொள்ளும் இரண்டு பேர்! (இதை எழுத அவர் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன்.)

நெகேமியா கோபப்பட்டார், ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. சபையைக் கூட்டினார். நானும் என் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். நிலத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். மதிலை முடித்துவிட்டு உங்கள் பிரச்சினையைப் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சபைக் கட்டடத்துக்கு முன்விறாந்தை போடச் சேர்த்த காசு இருந்ததால், அந்த இடம் எங்களுக்கு மிகவும் தைத்தது.

அந்தக் காசை வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்கலாம் என்று முதலில் வாய் திறந்த மூப்பருக்கு நன்றி. அவர்தான் விறாந்தைக்காக அதிகம் ஓடித் திரிந்தவர். வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணா, நீங்கள் எங்கள் சபை அல்ல, எங்கள் மதமும் அல்ல. ஆனாலும் பின்னேரங்களில் வந்திருந்து ஒவ்வொருவருடைய கடன் பத்திரத்தையும் வாசித்து, எது முதல், எது வட்டி, எதை முதலில் அடைக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினீர்கள். இரண்டு அக்காமாரும் இப்போது ஒன்றாகத்தான் சந்தைக்குப் போய் வருகிறார்கள்.

அடகில் கிடந்த தன் தோட்டை மீட்ட மறுகிழமையே, "அடுத்த ஆளுக்கு" என்று ஆயிரம் ரூபாவைக் கொண்டுவந்து தந்த ஆச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கதிரை தந்த பிள்ளையார் கோயில் நிர்வாகத்தினருக்கும், மழை நாட்களில் தூரத்துப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்கிய தம்பிக்கும், அவித்த கௌபியும் தேத்தண்ணீரும் தந்த மாதர் சங்கத்தாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

சிறுபோக விதைப்பு முடிந்ததும் ரூத்தின் புத்தகத்தைத் தொடங்குகிறோம். கதிரைகள் கழுவித் துடைத்து மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளன. கைமாற்றுக் கணக்குக் கொப்பி மூப்பர் வீட்டில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

கர்த்தருக்குள்,
வகுப்பை ஒழுங்குசெய்த உங்கள் சகோதரி